எழுதியவன் யார்?

"எல்லாம் எழுதியபடிதான் நடக்கும்!"

இந்த நாட்டில் பிறந்து, இந்தச் சொற்களைக் கேளாமல் வளர்ந்தவர் எவரும் இரார். ஏழை கேட்டிருக்கிறான், தன் ஏழ்மைக்கு விளக்கமாக. கைம்பெண் கேட்டிருக்கிறாள், தன் கண்ணீருக்கு ஆறுதலாக. கூலி உயர்வு கேட்டவன் கேட்டிருக்கிறான், தன் கோரிக்கைக்கு மறுமொழியாக! சொன்னவர் வேறு வேறு. சொல் மட்டும் ஒன்றே.

எங்கே எழுதியிருக்கிறது? தலையில்! நான்முகன் ஒவ்வொரு தலையிலும் எழுதித்தான் அனுப்புகிறானாம். சான்று கேட்டால், மண்டையோட்டைப் பார் என்பார்கள். நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள் தெரிகின்றனவே, அவையே அவன் கையெழுத்து என்பார்கள். உடற்கூறு கற்றவரைக் கேளுங்கள். அவை மண்டையெலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துவாய்கள் என்பார். பிறக்கும்போது அந்தத் தகடுகள் இறுக ஒட்டாமல் இருப்பதால்தான், குறுகிய வழியே குழந்தையின் தலை சற்றே நெகிழ்ந்து வெளிவர முடிகிறது. பிறந்த பின் மூளை வளரவும் இடம் கிடைக்கிறது. வளர்வதற்கென அமைந்த இடைவெளியை, முன்பே முடிந்துபோன தீர்ப்பு என்று படித்துவிட்டோம் நாம்!

எழுத்தை நம்புவோர் இன்னொன்றையும் நம்புகிறார்கள். மனிதனுக்குத் தன் விருப்பப்படி நடக்கும் உரிமை உண்டு. ஆகவே நல்லது செய்தால் பரிசு, தீயது செய்தால் தண்டனை என்கிறார்கள். ஆண்டவனின் முன்விதிப்பும் மனிதனின் தன்னுரிமையும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்க முடியுமா? இதுதான் கேள்வி.

எளிய முறையிலே எண்ணிப் பார்ப்போம். ஒருவன் திருடுகிறான். அவன் திருடுவான் என்பது அவன் பிறக்குமுன்பே எழுதப்பட்டுவிட்டது என்றால், எழுதியவன் குற்றவாளியா, எழுதியதைப் படித்து நடித்தவன் குற்றவாளியா? நாடகத்திலே கொலைகாரனாக நடித்தவனைத் தூக்கிலிடுவார் உண்டோ? "இல்லை, இல்லை, அவன் தானே விரும்பித்தான் திருடினான்" என்றால், அந்த விருப்பம் எழுத்தில் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் அது அவன் விருப்பம் அன்று. இல்லை என்றால், எல்லாம் எழுதியபடி நடக்கவில்லை. சாதகம் பார்த்து, "இது தப்பாது நடக்கும்" என்று சொல்லும் அதே வாய், "இந்தப் பரிகாரம் செய்தால் நடக்காது" என்றும் சொல்கிறது. பூட்டும் அங்கேதான் விற்பனை, கள்ளச்சாவியும் அங்கேதான் விற்பனை!

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்துச் சமயங்கள் பலவும் இதிலே சிக்கித் தவித்திருக்கின்றன. தவித்தவர்கள் அறிவிலிகள் அல்லர், பேரறிவு படைத்தவர்கள். அவர்கள் வாதங்களை அறியாமல் நகைப்பது பகுத்தறிவு ஆகாது.

புத்தர் காலத்தவரான மற்கலி கோசாலர் ஒளிவு மறைவின்றிப் பேசினார். நியதி ஒன்றே உண்டு. முயற்சிக்குப் பயன் இல்லை. உருட்டிவிட்ட நூற்பந்து நூல் தீரும்வரை ஓடுவதுபோல் உயிர்கள் ஓடித் தீரும் என்பது அவர் தோற்றுவித்த ஆசீவகத்தின் கொள்கை என, மாற்றுச் சமயத்தார் நூல்கள் கூறுகின்றன. மணிமேகலையும் நீலகேசியும் இந்த ஆசீவகரோடு வாதிடுகின்றன. கொள்கை தவறு எனலாம். இரட்டை நாக்கு என்று சொல்ல இயலாது. விதி என்றால் விதிதான் என்றார்கள்.

கிறித்துவத்திலே பெலாஜியஸ் என்பவர், கடவுள் ஒன்றைச் செய் என்று கட்டளையிட்டால், அதைச் செய்யும் ஆற்றலும் மனிதனுக்கு இருந்தாக வேண்டும் அன்றோ என்று கேட்டார். அகஸ்டின் மறுத்தார், அருள் இன்றி மனிதன் நன்மையை நாடவும் வல்லவன் அல்லன் என்றார். 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரிலே கூடிய ஆயர்கள், பெலாஜியஸ் கொள்கையைக் கண்டித்தனர். பல நூற்றாண்டுகள் கழித்து, கால்வின் வழிவந்தோர் முன்விதிப்பை முரசறைந்தனர். அதைத் தளர்த்த விழைந்தோரை விசாரிக்க நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618, 1619 ஆண்டுகளிலே மாமன்றம் கூடிற்று. மாறுபட்ட போதகர்கள் பலர் பதவி இழந்தனர். விந்தையைப் பாருங்கள்! எல்லாமே முன்விதிப்பு என்றால், அந்தப் போதகர்கள் மாறுபட்டதும் முன்விதிப்புதானே? விதித்தபடி நடந்தவனைத் தண்டிப்பானேன்?

இசுலாமிய அறிஞருள் முஃதஸிலாக்கள், இறைவன் நீதிமான் என்றால் மனிதன் உரிமையுள்ளவனாகத்தான் இருக்கவேண்டும் என்றனர். பத்தாம் நூற்றாண்டிலே அல் அஷ்அரீ இடைவழி தேடினார்: செயலைப் படைப்பவன் இறைவன், அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்றார். ரோமாபுரி அறிஞர் போயதியஸ், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்தபோது, வேறொரு வழி கண்டார். முன்னரே அறிவது வேறு, முன்னரே செய்விப்பது வேறு. இறைவன் எல்லாக் காலத்தையும் ஒரே நோக்கில் காண்கிறான். காண்பதாலேயே நிகழ்ச்சிகள் கட்டாயம் ஆகிவிடுவதில்லை என்பது அவர் வாதம்.

கூர்மையான வாதம்தான். கோபுரத்தின் உச்சியில் நிற்பவன், கீழே ஒருவன் குழியை நோக்கி நடப்பதைக் காண்கிறான். கண்டதால் அவன் தள்ளிவிட்டவன் ஆகமாட்டான். ஒப்புக்கொள்வோம். ஆனால், அந்தப் பாதையை அமைத்தவனும் அவனே, குழியைத் தோண்டியவனும் அவனே, நடப்பவனுக்குக் காலும் கண்ணும் கொடுத்தவனும் அவனே, குழியை மூடும் வல்லமை படைத்தவனும் அவனே என்றால், வெறும் பார்வையாளன் என்று அவனைச் சொல்ல முடியுமா? வெறும் அறிவு மட்டும் உடையவன் என்றால் போயதியஸ் வெல்வார். எல்லாம் வல்லவன் என்ற பட்டமும் சேர்ந்துவிட்டால், பொறுப்பு மேலே போகிறது. இந்தச் சமரசங்கள் பலவற்றின் முயற்சியும் ஒன்றே: வல்லமை முழுவதும் மேலே இருக்கவேண்டும், பழி மட்டும் கீழே இருக்கவேண்டும்!

ஏடுகளிலே ஒன்றாகாத இரண்டும் வீடுகளிலே எப்படி ஒன்றாக வாழ்கின்றன? நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். மக்கள் அவற்றைக் காலத்தால் பிரித்து வைத்திருக்கிறார்கள். இலக்கணம் மூன்று காலம் சொல்கிறது. விதி பேசுவது இறந்தகாலத்தில் மட்டும்! நாளை விளைய வேண்டிய வயலுக்கு இன்றே நீர் பாய்ச்சுகிறான் உழவன்; விளையும் என்று எழுதியிருந்தால் விளையும் என்று வரப்பில் படுத்திருப்பதில்லை. வரும் வண்டியைப் பார்த்துத்தான் சாலையைக் கடக்கிறார், விதியை விரித்துரைக்கும் பேச்சாளர். எதிர்காலத்திலே எல்லோரும் முயற்சிக்காரர்கள். பயிர் கருகிய பின், பிள்ளை மாண்ட பின், கூரை எரிந்த பின்தான் விதி வந்து அமர்கிறது.

"போனதற்குத்தானே விதி என்கிறோம்? அதனால் என்ன கெட்டுவிட்டது? துயரப்படுவோர்க்கு ஓர் ஆறுதல்தானே?" என்று கேட்பார் உண்டு. என்ன கெட்டது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

நான் மூத்தவன். எனக்குப்பின் ஒரு தம்பி பிறந்தான். மூன்று நாள் நன்றாகப் பால் குடித்தவன், நான்காம் நாள் குடிக்க முடியாமல் தவித்தானாம். வாய் இறுகிற்று, தொட்டால் உடல் வில்லாய் வளைந்தது, ஏழாம் நாள் அடங்கிவிட்டான். "அவன் எழுதினது அவ்வளவுதான்" என்றார் பாட்டி. ஊரும் அதையே சொல்லிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஒரு தங்கை. அதே நான்காம் நாள், அதே இறுக்கம், அதே வளைவு. எட்டாம் நாள் அவளும் இல்லை. இருவருக்கும் பெயர்கூட வைக்கவில்லை. என் தாயைப் பார்த்து, "உன் தலையெழுத்து" என்றார்கள். இரண்டு பிள்ளைகளை இழந்தவளே குற்றவாளியாகவும் ஆனாள்!

அது ரணஜன்னி, டெட்டனஸ் என்று மருத்துவர் கூறும் நோய். மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் கிருமி, தொப்புள்கொடியை அறுத்த தூய்மையற்ற கருவி வழியாகவோ, அறுத்த புண்ணிலே வைத்த சாணச் சாம்பல் வழியாகவோ குழந்தையின் உடலில் நுழைகிறது. அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார் ஜப்பானிய அறிஞர் கிட்டாசாட்டோ, ஆண்டு 1889. எங்கள் வீட்டிலே "எழுதினது அவ்வளவுதான்" என்று சொல்லப்பட்டதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, எழுதியது எது என்று உலகம் கண்டுபிடித்திருந்தது! எங்கள் ஊர் மருத்துவச்சியை நான் பழிக்கவில்லை. அவர் கைக்கு அறிவைக் கொண்டுவந்து கொடுத்தவர் எவரும் இல்லை.

மீண்டும் என் தாய் கருவுற்றிருந்தபோது, கிராமச் செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். எத்தனையாம் நாள் பால் குடிப்பது நின்றது? வாய் இறுகியதா? கொடியை எதைக் கொண்டு அறுத்தார்கள்? புண்ணிலே என்ன வைத்தார்கள்? எங்கள் வீட்டுக்குள் "எதனால்" என்ற சொல் நுழைந்த நாள் அது. தடுப்பூசி போட்டார், அடுத்த மாதமும் வந்து மறு ஊசி போட்டார். 1987இல் பிறந்த அந்தத் தங்கை இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய்.

முதல் பிள்ளையைக் கொன்றது கிருமி. இரண்டாவதைக் கொன்றதிலே "விதி" என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு என்பேன். முதல் சாவின்போதே எதனால் என்று ஒருவர் கேட்டிருந்தால், இரண்டாவது சாவுக்கு வழி அடைபட்டிருக்கக்கூடும். விதி கேள்வியை மூடிற்று. கேள்வி மூடிய வீட்டிலே கிருமி மறுபடியும் நுழைந்தது. கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசியும், தூய முறையில் பிள்ளைப்பேறும் பரவிய பின், 2015ஆம் ஆண்டு, தாய் சேய் டெட்டனசை இந்தியா ஒழித்துவிட்டது என உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நோய் அறவே மறைந்தது என்பதன்று இதன் பொருள். ஆயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கும் குறைவாக, ஒவ்வொரு மாவட்டத்திலும், அடங்கிவிட்டது என்பது பொருள். இத்தனை தலைகளின் எழுத்தை ஒருங்கே அழித்தது எது? ஊசி முனை!

உடனே ஒரு மறுப்பு வரும்: "அந்தச் செவிலியர் வருவார் என்பதும் எழுதியிருந்தது, ஐயா!" இதுவும் பழைய வாதம்தான். "பிழைப்பாய் என்று விதித்திருந்தால், மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பிழைப்பாய், பின் ஏன் அழைக்கிறாய்?" என்று பண்டைக் கிரேக்கத்திலே கேட்டார்கள். ஸ்டோயிக் அறிஞர் கிரிசிப்பஸ், பிழைப்பது மட்டுமன்றி, மருத்துவரை அழைப்பதும் சேர்ந்தே விதிக்கப்பட்டது என்று மறுமொழி தந்தார். சாமர்த்தியம்தான்! ஆனால் விளைவைப் பாருங்கள். பிள்ளை செத்தாலும் விதி, பிழைத்தாலும் விதி. ஊசி போடாததும் விதி, போட்டதும் விதி. எது நடந்தாலும் பொருந்தும் விளக்கம், எதையும் விளக்குவதில்லை. அடுத்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டால் அதனிடம் மறுமொழி இல்லை, செவிலியரிடம் இருந்தது.

தோழர்களே, நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. "உலகம் காரணகாரியத்தால் இயங்குகிறது என்கிறீர்களே, மனிதனின் எண்ணத்துக்கும் காரணம் உண்டல்லவா? அப்படியானால் உங்கள் தன்னுரிமை மட்டும் எங்கே நிற்கிறது?" நேர்மையான கேள்வி. மனிதன் காற்றிலே பிறந்தவன் அல்லன். பிறந்த வீடு, கிடைத்த உணவு, கற்ற பள்ளி, கல்லாமல் தடுத்த கைகள், இவை அனைத்தும் அவனை உருவாக்குகின்றன. ஆனால் காரணம் வேறு, விதி வேறு. காரணம் கைப்பிடி உள்ள கதவு. விதி, கதவே இல்லாத சுவர். காரணத்தை அறிந்தவன் அதிலே கைவைக்கலாம். அவன் அறிவதும்கூட ஒரு புதிய காரணமாகிவிடுகிறது. என் தாயின் கையிலே முன்பு இல்லாத ஒரு வழி, அந்தக் கேள்விகளுக்குப்பின் இருந்தது. தன்னுரிமை என்று நான் சொல்வது அதைத்தான். அது வானத்திலிருந்து விழுந்த வரம் அன்று. அறிவு வளர வளரத் தானும் வளரும் உடைமை.

அது வளராத இடத்திலே என்ன நேரும் என்பதற்குக் குடந்தை சான்று. 2004 ஜூலை 16 அன்று, அங்கே ஒரு பள்ளியில், சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையிலே பற்றி, 94 குழந்தைகள் மாண்டனர். அந்தக் கூரையை வேய்ந்தது நான்முகனா? அதன்கீழே குழந்தைகளை நெருக்கி அமர்த்தியது நவக்கிரகமா? விதி என்று விட்டிருந்தால் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. பெற்றோர் அப்படி விடவில்லை. நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறினார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்ற கண்டிப்பு அதன் பின்னரே பிறந்தது.

வள்ளுவர் குறளிலே ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு, அது 38ஆவது. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு, அது 62ஆவது. முன்னதைக் காட்டி வாயடைப்போர், பின்னதைப் புரட்டுவதில்லை. அங்கேதான் சோராது உழைப்பவன் ஊழையே தோற்றோடச் செய்வான் என்ற கருத்து வருகிறது. இரவச்சத்திலோ, இரந்து பிழைக்கும்படி மனிதனை வகுத்தவன் ஒருவன் உண்டென்றால், அந்தப் படைத்தவன்மீதே சினம் பாய்கிறது. பொறுப்பு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, முன்விதிப்பும் தன்னுரிமையும் உடன்வாழ முடியுமா என்றால், முடியாது என்பதே என் விடை. ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேயும்.

தோழர்களே! சாவு வீட்டிலே சென்று வாதாடாதீர்கள். அழுபவர் தோளைத் தாங்குங்கள். அன்று அவர் விதி என்றாலும் மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் துக்கம் சற்று ஆறிய பின், திரும்பிச் செல்லுங்கள். எந்த நாள், எந்த நீர், எந்தக் கருவி, எந்தக் கூரை, எவருடைய கையெழுத்து என்று பொறுமையாகக் கேளுங்கள். கிடைக்கும் மறுமொழியைத் தாளிலே குறித்து, உரிய இடத்திலே கொண்டுபோய்க் கொடுங்கள். தலையிலே எழுதியதாகச் சொல்லப்படுவதைப் படித்தவர் எவரும் இல்லை. நீங்கள் தாளிலே எழுதுவதை எவரும் படிக்கலாம். அடுத்த பிள்ளை அதனால் பிழைக்கும்.