வேங்கடத்து ஐந்து இசைத்தட்டுகள்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வரையறுக்கிறது. அவ்வெல்லையில் அமைந்தவை சித்தூரும் திருப்பதியும். தெருவில் தெலுங்கும் அடுக்களையில் தமிழுமாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. நம் தெலுங்கில் வல்லொலியும் மெல்லொலியும் மயங்குவதைக் கேட்டுக் கடைத்தெருவில் நகைத்தவர் உண்டு. நம் தமிழைக் கேட்டுத் தெற்கத்தி உறவினர் நகைத்ததும் உண்டு. இருபுறமும் நாணிக் குறுகிய நம்மை நிமிரச் செய்தவை ஐந்து இசைத்தட்டுகள் என்றால் மிகையன்று.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் 1979-80ஆம் ஆண்டுகளில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிப் பதிவான 'பாலாஜி பஞ்சரத்தினமாலை'யையே குறிப்பிடுகிறோம். 1963இல் வெளிவந்த அவருடைய வேங்கடேச சுப்ரபாதம் நம் வீடுகளில் வைகறையை எழுப்பிக்கொண்டிருந்தது. இத்தொகுப்போ அன்னமாச்சாரியாரை நம் கூடத்திற்கே அழைத்து வந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் தாள்ளபாக்கத்தில் தோன்றிய அப்பெரியாரின் பல்லாயிரம் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் சிற்றறை ஒன்றில் நெடுங்காலம் கிடந்தன. ஏடுகளில் இராகத்தின் பெயர் இருந்தது, சுரக்குறிப்பு இல்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டு இசைவாணர்கள் அவற்றுக்குப் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. 'நாநாட்டி பதுகு' என்ற பாடலை ரேவதி இராகத்தில் அமைத்தவர் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி. கடையநல்லூர் வேங்கடராமனும் பல பாடல்களுக்கு இசை வடிவம் தந்தார்.

அப்போது எம்.எஸ். அறுபதைக் கடந்தவர்; உலகறிந்த புகழுடையவர். ஆயினும் புதிய பாடல்களுக்கு மாணவியாகவே அமர்ந்தார். சொல்லின் பொருளையும் ஒலிப்பையும் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பாடுவது அவர் வழக்கம். மதுரையில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவரின் நாவில் தெலுங்குச் சொற்கள் பழுதின்றி ஒலித்தபோது, முன்னர் நம்மை நகைத்த அண்டை வீட்டாரே நம் வாயிலில் நின்று கேட்டனர்.

இப்பதிவின் பின்னணியில் மற்றொரு செய்தியும் உண்டு. எம்.எஸ்.-சதாசிவம் தம்பதியர் அந்நாளில் பொருள்நெருக்கடியில் இருந்தனர். கொடையாகத் தந்தால் அவர்கள் கொள்ளார். எனவே அவர்கள் தகுதிக்கேற்ற பணியாக இதனை ஒப்படைத்ததை, அக்காலத்தில் தேவஸ்தான நிர்வாக அதிகாரியாயிருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத் பின்னாளில் விவரித்திருக்கிறார். வாரி வழங்கிய கை ஏந்தும் கையாகாமல் காத்த அப்பண்பை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

இசைக்கு மொழியெல்லை தடையானதில்லை. சித்தூரின் பெயரைத் தாங்கிய சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று 1954இல் சங்கீத கலாநிதியானார். வடக்கிலிருந்து அவர் தெற்கே வந்தார், தெற்கிலிருந்து எம்.எஸ்.ஸின் குரல் வடக்கே சென்றது. திருப்பதி நகரில் அவருக்கு 2006இல் வெண்கலச் சிலை எழுந்தது. 2022இல் சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் மாறுகின்றன, குரல் மாறவில்லை.

பிழைப்பு நாடிப் பிற மொழி வழங்கும் ஊர்களில் வேரூன்றிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அயல்மொழியைக் குறையின்றிப் பேசுவது தாய்மொழிக்குச் செய்யும் துரோகமன்று. ஆயின் அயல்மொழிக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும் நம் பிள்ளைகளின் தமிழுக்குக் காட்டுகிறோமா? 'வாழைப்பழம்' என்று சொல்லத் தடுமாறும் பேரக்குழந்தையைக் கண்டு சிரித்துவிட்டு நகர்கிறோம். நம்மை நகைத்தவர்களை நாம் மறக்கவில்லை. நாமே அவ்வாறு நகைக்கலாமா? அறுபது வயதில் அவர் அமர்ந்து கற்றார். ஆறு வயதுக் குழந்தையின் அருகே அமர்ந்து கற்பிக்க நமக்கு நேரமில்லை என்று சொல்வது தகுமா?