ஆற்றுக்கு ஒரு பாட்டு

வீட்டில் சாவு விழுந்தால் ஒப்பாரி பாட ஆள் உண்டு. ஒரு காடோ ஆறோ செத்தால் யார் சார் பாடுவது?

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஒரு பெண் பாடினார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரியின் பாதரசக் கழிவு வெளியே தெரிந்து, 2001-ல் அதை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் நஷ்டஈடு கேட்டு வருஷக்கணக்காக அலைந்தார்கள். 2015-ல் சென்னையின் சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் மெட்டில் ஒரு இங்கிலீஷ் ராப் பாடி இணையத்தில் விட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யுனிலீவர், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் விஷயத்தில் உடன்பாட்டுக்கு வந்தது.

எல்லாம் பாட்டால்தான் என்று எழுதினால் கணக்கு டேலி ஆகாது, நான் பி.காம். தொழிலாளர்களின் பதினைந்து வருஷப் போராட்டத்தைத்தான் முதலில் வரவு வைக்க வேண்டும். ஆனால், ஃபைலில் கிடந்த விஷயத்தை ஊர் வாயில் போட்டது பாட்டு.

மலையிலிருந்து கீழே இறங்கினால் அகரம், தாடிக்கொம்பு, குடகனாறு. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் ஷாப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதைக்கு ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. பாட்டைத்தான் நான் இன்னும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போனால், ஆற்றில் குளித்து வளர்ந்த பாட்டி யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். மெட்டு அவரிடம் இருக்கும். ஆற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஒப்பாரி ஆவதற்குள் பாடிவிடுவோம்.