உரைகாரி

என் மாணவிகளின் ஆய்வேடுகள்தான் என்னை மென்பொருள் உலகத்துக்குள் இழுத்துக்கொண்டு போயின.

எங்கள் துறையில் ஆய்வு செய்யும் பெண்களில் பலர் கையால் எழுதி, தட்டச்சுக் கடையில் கொடுத்துத்தான் ஆய்வேட்டை அடித்து வாங்குவார்கள். கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. இவற்றில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும்தான். மேலே தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முந்நூறு பக்கமும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்ற மறுபடியும் அதே கடை. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. இருட்டிய பிறகு போவதென்றால் துணைக்கு அண்ணனோ கணவனோ வர வேண்டும். ஐந்து வருடம் உழைத்து எழுதியதைத் தானே திறந்து ஒரு வரி திருத்த முடியாமல் நிற்பாள் அந்தப் பெண்.

இந்த மாற்றத்தைச் செய்யும் திறமூல மென்பொருள் ஒன்று இருந்தது. காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். இருந்தும் என் மாணவிகளில் ஒருத்திகூட அதைத் தொட்டதில்லை. அதன் கையேடு பதினோரு வரி, ஆங்கிலத்தில். முதல் வரியே ‘டெர்மினலைத் திற’ என்றது. டெர்மினல் என்பது என்ன, எங்கே இருக்கிறது, திறந்தால் எப்படித் தெரியும் என்று ஒரு சொல் இல்லை. எழுதியவர் தன்னைப் போன்ற இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். என் மாணவி அந்த உரையாடலிலேயே இல்லை.

நான் அந்தக் கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

கருவிகள் பயமுறுத்தியதுபோல் இல்லை. மார்க்டவுன் என்பது தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி என்று போகும் எளிய முறை. ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். கிட் அதிக நாள் பிடித்தது. ஆனால் பாடபேதம் பார்த்துப் பழகியவளுக்கு அது அந்நியமாகப் படவில்லை. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை எதுவாக மாற்றினார் என்று வரிவரியாகக் காட்டுகிறது. நம் சுவடிகளுக்கு இப்படியொரு நினைவு இருந்திருந்தால் பதிப்பாசிரியர்களின் கண்கள் கொஞ்சம் பிழைத்திருக்கும்.

கடினமாக இருந்தது மொழிதான். ‘செய்யவும்’ என்பது அலுவலகச் சுற்றறிக்கை. ‘செய்க’ என்பது தேர்வுத்தாள். ‘செய்யுங்கள்’ என்று எழுதினால்தான் எதிரே ஒரு ஆள் உட்காருகிறார். ‘எளிதாக’, ‘வெறுமனே’, ‘அவ்வளவுதான்’ என்ற சொற்களை விலக்கினேன். முடியாமல் போகிறவளிடம் ‘உனக்குத்தான் தெரியவில்லை’ என்று சொல்லும் சொற்கள் அவை. நான்கு மாணவிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, வரைவைப் பார்த்துச் செய்யச் சொன்னேன். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவள் கை எங்கே நிற்கிறதோ அங்கே வாக்கியம் திருந்த வேண்டும். கல்லூரிக் கணினியில் வேலை செய்கிறவள் முதலில் மூலக்கோப்புக்கு நகல் எடுக்க வேண்டும், முடிந்ததும் பொதுக் கணினியிலிருந்து தன் ஆய்வேட்டை அழித்துவிட்டு எழ வேண்டும் என்ற பகுதி அப்படித்தான் வந்தது. சொந்தக் கணினி வைத்திருப்பவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது.

சிக்கல் ஒரு எழுத்தில் வந்தது. பல பழைய எழுத்துருக்களில் ‘மௌ’ என்பது மூன்று துண்டு: ஒற்றைக்கொம்பு, மகரம், பிறகு ளகர வடிவம். ளகரத்துக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் அங்கே ஒரே குறிதான். மாற்றும்போது மென்பொருளுக்கு எது எது என்று தெரியாது. ‘மௌனம்’ என்பதை மெ, ள, ன, ம் என்று பிரித்துப் போட்டுவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் தெரியும். பெண் கவிதைகளில் மௌனம் பற்றி ஆய்வு செய்த ஒருத்தி, தன் ஆய்வேட்டில் அந்தச் சொல்லைத் தேடி, ஒன்றுகூட இல்லை என்ற விடையைப் பெற்றாள். கௌரி, கௌசல்யா என்ற பெயர்களும் இப்படியே காணாமல் போகும்.

இதை விளக்கி, கையால் திருத்தும் வழியையும் சேர்த்து ஒரு பகுதி எழுதினேன். திட்டத்தைப் பராமரித்த இளைஞர் அதை நீக்கச் சொன்னார். “மேடம், இதைப் போட்டா மென்பொருளே சரியில்லைன்னு நினைப்பாங்க.” “தம்பி, இதைப் போடலைன்னா தனக்குத்தான் படிக்கத் தெரியலைன்னு அவ நினைப்பா” என்றேன். இரண்டு வாரம் வாதம் நடந்தது. பகுதி நின்றது.

அடுத்த வாதம் பெயரைப் பற்றியது. திட்டத்தின் பங்களிப்பாளர் பட்டியலில் நிரல் எழுதியவர்கள் மட்டும் இருந்தார்கள். ஒரே ஒரு வரித் திருத்தம் செய்தவர்கூட இருந்தார். என் பெயரும் நான்கு மாணவிகளின் பெயரும் கீழே, ‘நன்றி’ என்ற தலைப்பில், ‘ஆவண உதவி’ என்று இருந்தன. வீட்டில் ஆண் பாத்திரம் கழுவினால் அதற்கு உதவி என்று பெயர். அது அவன் வேலையில்லை என்று பொருள். இங்கே நாங்கள் நான்கு மாதம் செய்தது உதவி ஆயிற்று. கல்லூரி மதிப்பீட்டுப் படிவத்திலும் இதற்குக் கட்டமில்லை. ஆய்வுக் கட்டுரையா, நூலா, கருத்தரங்கா என்று மட்டும் கேட்கிறது.

இது என் ஒருத்தியின் குறையென்றால் எழுதியிருக்க மாட்டேன். 2017இல் கிட்ஹப் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில் பங்கேற்றவர்களில் 93 விழுக்காட்டினர், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களைப் பரவலான சிக்கலாகக் கண்டதாகச் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணங்களுக்கு அரிதாகவோ அறவேயோ எழுதுவதில்லை. பங்கேற்றவர்களில் பெண்கள் 3 விழுக்காடு. எல்லோருக்கும் தேவை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற, யாரும் செய்ய விரும்பாத வேலைக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் வரலாறு வேறு விதமாகவும் பேசுகிறது. 1843இல் அடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜின் பகுப்பாய்வுப் பொறி பற்றிய பிரெஞ்சுக் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, குறிப்புகள் எழுதினார். குறிப்புகள் கட்டுரையைவிட நீண்டன. முழுப்பெயர் போடவில்லை, முதலெழுத்துகள் மட்டும். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் குறிப்புகளைத்தான். 1946இல் எனியாக் கணினிக்குக் கையேடு எழுதியவர் அடீல் கோல்ட்ஸ்டைன் என்ற பெண்.

தமிழ் படித்தவர்களுக்கு இது இன்னும் எளிதாக விளங்க வேண்டும். தொல்காப்பியத்தை இளம்பூரணரும் சேனாவரையரும் இல்லாமல் நம்மில் யார் படித்தோம்? 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது நச்சினார்க்கினியர் உரையோடுதான் ஏறியது. உரைகாரரை நாம் உதவியாளர் என்று சொன்னதில்லை. நன்னூல் சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை எட்டு என்கிறது: ஆக்கியவர் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். நல்ல ரீட்மீ கோப்பில் இவைதான் இருக்க வேண்டும். ‘கேட்போர்’ என்பதைத்தான் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடுகின்றன. நூலாசிரியர் தானே பாயிரம் எழுதக் கூடாது, அவருடைய ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணாக்கரோ தகுந்த உரைகாரரோ எழுத வேண்டும் என்பதும் நன்னூல் விதி. நிரல் எழுதியவரே கையேடும் எழுதினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அந்த நால்வரையும் பவணந்தி ஆண்பாலில் சொன்னார். உரைகாரி என்ற சொல்லை நாம்தான் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பட்டியல் பிறகு மாறியது. வாதத்தால் பாதி, உரிமத்தால் பாதி. கையேட்டைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டோம். யாரும் பகிரலாம், திருத்தலாம், ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். இப்போது ஐந்து பெயர்களும் நிரலாளர்களுக்கு நடுவில் அகரவரிசையில் நிற்கின்றன. உரிமங்களை வழக்கறிஞர்களின் விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிக்கு ஒரு வேண்டுகோள். நீ பயன்படுத்தும் திறமூல மென்பொருளின் கையேட்டில் எந்த வரியில் தடுமாறினாயோ அந்த வரியைக் குறித்துவை. அங்கே தடுமாறியது நீ மட்டுமாக இருக்காது. நிரல் தெரியாவிட்டாலும் அந்த வரியை உன்னால் திருத்தி எழுத முடியும். அனுப்பும்போது உன் முழுப்பெயரைப் போடு.