உஸ்தாத் மஹ்வஷ்: வானொலி வளர்த்த குரல்

ஃபரீதா மஹ்வஷ் 1947இல் காபூலில் பிறந்தவர். தாய் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்தவர். வீட்டுப் பெண் ஊரறியப் பாடுவதை நினைத்தும் பார்க்காத குடும்பம். படிப்பை முடித்து வானொலி நிலையத்தில் மஹ்வஷ் வேலைக்குச் சேர்ந்தது பாட்டுக்காக அல்ல. அது சாதாரண அலுவலக உத்தியோகம். அங்கே பொறுப்பிலிருந்த இசைக்கலைஞர் ஹஃபீசுல்லா கயால்தான் அவருடைய குரலைக் கேட்டுவிட்டு, பாட வரும்படி தூண்டினார். 1960களின் பிற்பகுதியில் பாடல்கள் ஒலிபரப்பாயின. மஹ்வஷ் என்பது அதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர்.

பெயரை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாண வீட்டில், பெண்கள் மட்டும் கூடியிருக்கும் பகுதியில், தாயிரா என்ற பறையைத் தட்டிக்கொண்டு பெண்கள் பாடுவார்கள். அதை யாரும் குறை சொன்னதில்லை. ஆண்கள் காதுபடப் பாடினால் மட்டும் குடும்பத்தின் மானம் பேச்சாகிவிடும். 1950களின் தொடக்கத்தில் பர்வீன் என்ற பெண் காபூல் வானொலியில் பாடியதுதான் முதல் உடைப்பு. 1959இல் பிரதமர் தாவூத் கானின் அரசு முகத்திரை கட்டாயமில்லை என்றாக்கியது. வானொலியில் இன்னொரு வசதியும் உண்டு: குரல் வீடு வீடாகப் போகும், முகம் போகாது. மஹ்வஷைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய துணிச்சலை மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். துணிச்சல் உண்மைதான். ஆனால் ஒலிப்பதிவுக் கூடம், வாத்தியக் குழு, இசையமைப்பாளர்கள், மாதச் சம்பளம் எல்லாம் அரசு கொடுத்தது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தத் துணிச்சலுக்குப் போக ஓர் இடம் இருந்திருக்காது.

காபூல் இசைக்கு மற்றொரு நாற்றங்கால், பழைய நகரத்தில் பாலா ஹிஸார் கோட்டைக்கு அருகிலிருந்த கராபாத் தெரு. 1860களில் அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து வரவழைத்த இசைக்கலைஞர்களின் வழித்தோன்றல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ராகம், தாளம், ஸர்கம் என்று இந்துஸ்தானி இலக்கணம் முழுவதும் அங்கே புழங்கியது. சீடனாக ஏற்கும் நாளில் குரு மணிக்கட்டில் நூல் கட்டுவார், இனிப்பு வழங்கப்படும். குலத்தொழிலாக இசையைக் கொண்ட இவர்களுக்கும், ஆசையால் பாட வந்த வெளியாருக்கும் நடுவே தெளிவான கோடு ஒன்று இருந்தது. மஹ்வஷ் வெளியார், பெண் வேறு. அவர் அந்தக் கோட்டைத் தாண்டியது உஸ்தாத் முகம்மது ஹாஷிமிடம் முறையாகப் பாடம் கேட்டதால். ஹாஷிம் பெரிய தபேலா வித்வான், இசையமைப்பாளர். தாளக்காரரிடம் பாட்டுக் கற்றதன் பலன் மஹ்வஷ் பாடும்போது தெரியும். எவ்வளவு வளைந்து போனாலும் சரியான இடத்தில் வந்து விழுகிற குரல் அது.

1976இல் ஹாஷிம் அவருக்காக ‘ஓ பச்சா’ என்ற பாடலை உருவாக்கினார். ஆப்கானிஸ்தானின் வெவ்வேறு வட்டாரப் பாட்டுகளைக் கோத்து அமைத்தது அது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நடை, ஒரு பாணி; எல்லாம் கைவசம் இல்லாதவர் பாதியில் மாட்டிக்கொள்வார். மஹ்வஷ் பாடிக் காட்டினார். அதற்கடுத்த ஆண்டு அவருக்கு, ஆசான் என்று பொருள்படும் உஸ்தாத் பட்டம் தரப்பட்டது. ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல்முறை. சரஹங், முகம்மது ஒமர், ரஹீம் பக்ஷ் போன்ற இசை மேதைகளின் பெயருக்கு முன்னால் நின்ற பட்டத்தை வானொலிப் பாடகி ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. பட்டம் நிலைத்துவிட்டது, இன்றும் அவரை உஸ்தாத் மஹ்வஷ் என்றே சொல்கிறார்கள்.

அவருடைய பலம் கஜல். காபூல் பாணிக் கஜலுக்கென்று ஒரு நடை உண்டு. ஓர் ஈரடியை ஆர்மோனியத்தோடு நிதானமாகப் பாடி முடித்ததும் வாத்தியங்கள் சட்டென்று வேகமெடுக்கும். தபேலா இரட்டிப்பு வேகத்தில் ஓடி ஒரு தீர்மானத்தில் நிற்கும். பாடகர் ஒன்றும் நடக்காததுபோல் பழைய நிதானத்தில் அடுத்த ஈரடியை எடுப்பார். இடையிடையே வேறொரு கவிதையிலிருந்து ஈரடி ஒன்றைத் தாளமில்லாமல், நம்மூர் விருத்தம்போல, விரித்துப் பாடுவதும் உண்டு. எந்த ஈரடியை எங்கே கொண்டுவந்து பொருத்துகிறார் என்பதில்தான் படிப்பாளிகள் தலையாட்டுவார்கள். ஆகவே காபூலில் கஜல் பாடுகிறவருக்குக் கவிஞர்கள் ஹாஃபிஸும் பேதிலும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பேதில் பாட்னாவில் பிறந்து 1720இல் டெல்லியில் மறைந்த பாரசீகக் கவிஞர். பிறந்த நாட்டில் அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். காபூல் அவரைக் கொண்டாடியது.

1978 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தனர். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் வந்தன. இசை தடைசெய்யப்படவில்லை, ஆனால் வானொலி ஆளும் தரப்பின் வாயாக இருந்ததால் அதில் பாடுகிறவர் மேலும் ஒரு முத்திரை விழுந்தது. 1991இல் மஹ்வஷ் குடும்பத்தோடு பாகிஸ்தானுக்குத் தப்பிச் சென்றார். அங்கும் நிம்மதி இல்லை. ஆப்கானிஸ்தானில் சண்டையிட்ட இரு தரப்பாரும் தங்களுக்காகப் பாட வேண்டும், மறுத்தால் உயிர் போகும் என்று மிரட்டினர். பாடக்கூடாது என்ற மிரட்டல் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பாடியே ஆக வேண்டும் என்ற மிரட்டலும் அதே அளவு கொடியது. கொஞ்ச காலம் தலைமறைவாக இருந்தபின் அமெரிக்கா அடைக்கலம் கொடுத்தது.

அவர் போய்ச் சேர்ந்தது கலிஃபோர்னியா. அங்கே ஃப்ரீமான்ட் நகரில் ‘குட்டிக் காபூல்’ என்று பெயர் வாங்கும் அளவுக்கு ஆப்கானியர் குடியேறியிருந்தனர். கேட்க ஆள் இருந்தது. ஆனால் உடன் வாசிக்க வானொலி வாத்தியக் குழு இல்லை, புதுப்பாட்டு போட்டுத்தர ஹாஷிம் இல்லை. அகதிகளின் கல்யாண மண்டபங்களில் ஒரு மின்னணு கீபோர்டும் தபேலாவும் போதும். ஆடத் தோதான பாட்டுக்குத்தான் கிராக்கி. நிதானமான கஜலுக்கு அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

கஜலுக்கான மேடை ஐரோப்பாவில் கிடைத்தது. காபூல் வானொலியில் பாடிய ஹுசைன் அர்மான் ஜெனீவாவில் குடியேறியிருந்தார். ப்ராகில் மேலைநாட்டு கிட்டார் படித்த அவருடைய மகன் காலித் அர்மான், முசுக்கட்டை மரத்தில் குடைந்து தோல் போர்த்திய ரபாப் என்ற நரம்பு வாத்தியத்துக்குத் திரும்பி வந்து 1995இல் ‘காபூல் இசைக்குழு’வைத் தொடங்கினார். மஹ்வஷும் அவர்களோடு சேர்ந்தார். 2003இல் வெளியான ‘ரேடியோ காபூல்’ இசைத்தட்டு அந்த வானொலியின் இசையமைப்பாளர்களுக்குச் செய்த அஞ்சலி. அந்த ஆண்டு பிபிசி ரேடியோ 3இன் உலக இசை விருதும் வந்தது. 2007இல் ‘ஆப்கன் கஜல்கள்’ வெளியாயிற்று. காபூலில் இருபது பேர் வாசித்த பாட்டு இப்போது நாலைந்து பேர் கையில் இருந்தது. அதனால் குரலின் நுணுக்கங்கள் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்கின்றன. இளமைக் குரலின் பளபளப்பு போயிருந்தாலும் இந்தப் பிற்காலப் பதிவுகளே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர் ஊரைவிட்டுப் போன பிறகு காபூலில் நடந்தவை இன்னும் மோசம். 1992க்குப் பின் முஜாஹிதீன் குழுக்களின் பீரங்கிச் சண்டையில் கராபாத் இடிந்து, கலைஞர்கள் பெஷாவருக்கு ஓடினர். 1996இல் வந்த தாலிபான் வானொலியின் பெயரையே ‘ஷரியத்தின் குரல்’ என்று மாற்றியது. கேசட்டுகளை உடைத்து நாடாவைச் சோதனைச் சாவடிக் கம்பங்களில் தோரணமாகத் தொங்கவிட்டார்கள். நிலைய ஊழியர்கள் சிலர் பழைய ஒலிநாடாக்களை மறைத்துவைத்துக் காப்பாற்றியதால்தான் வானொலிக் காலத்துப் பதிவுகள் பிழைத்தன.

2001இல் தாலிபான் ஆட்சி வீழ்ந்த பிறகு வந்த தலைமுறையின் பெயர்பெற்ற பாடகி அரியானா சயீத். சிறுமியாகவே நாட்டைவிட்டுப் போய், ஐரோப்பாவில் வளர்ந்து, தொலைக்காட்சி வழியாகக் காபூலுக்குத் திரும்பியவர். மஹ்வஷுக்கு மறைந்திருந்த முகம் இவருக்கு முதலீடு. 2017 ஆகஸ்டில் காஸி மைதானத்தில் நடக்கவிருந்த இவருடைய கச்சேரி, பாதுகாப்பு தர முடியாதென்று கைவிடப்பட்டு, ஒரு ஹோட்டலில் நடந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியதும் அமெரிக்க ராணுவ விமானத்தில் வெளியேறினார். காபூலில் இயங்கிய தேசிய இசைப் பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த ஆண்டின் இறுதியில் போர்ச்சுகலுக்குச் சென்றனர். பெண்கள் மட்டுமே வாசிக்கும் அப்பள்ளியின் ஸோஹ்ரா இசைக்குழு இப்போது அங்கிருந்துதான் இயங்குகிறது.