செய்யூர்: மார்கழியில் கார் வரும், கடனும் வரும்!

ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டியதும் பெரும்பாலான கார்கள் புதுச்சேரியை நினைத்து வேகமெடுத்துவிடும். கல்பாக்கம் போர்டு வரும், போகும். பாலாறு வரும், போகும். செய்யூருக்குத் திரும்பும் சாலையைக் கவனிப்பவர்கள் குறைவு. சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். ஆனாலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்களில் அதிகம் சிக்காத ஊர்.

சேய் என்றால் முருகன். சேயூர்தான் செய்யூர் ஆனது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிள்ளைத்தமிழ் பாடியது இந்த முருகனைத்தான். கந்தசுவாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் ஆளுக்கொரு வேதாளம் நிற்கிறது. உங்கள் நட்சத்திர வேதாளம் எது என்று தேடிக் கண்டுபிடிப்பதே குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு.

கோயிலைவிட்டுக் கிழக்கே வந்தால் உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாய், ஓதியூர் ஏரி. முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி பொங்கல் விடுமுறை முடியும்வரை இந்தப் பக்கம் கூட்டம் வரும். இளநீர், வறுத்த மீன், பஜ்ஜி, பார்க்கிங் என ஒரு சின்னப் பொருளாதாரமே அந்தச் சில வாரங்களை நம்பி ஓடுகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். நம் ஊர்க் குளிர்காலம் என்பது வடகிழக்குப் பருவமழையின் வால். டூரிஸ்ட் சீஸனும் புயல் சீஸனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வர்தா புயல் 2016 டிசம்பரில். மாண்டஸ் 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி பக்கம். இத்தனைக்கும் மாமல்லபுரம் சாதாரண இடம் இல்லை. கட்டணம் வசூலிக்கும் மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில், 2021-22-ல் வெளிநாட்டவர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்குத்தான்: 1,44,984 பேர்.

அதற்காக மழையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மதுராந்தகம் பக்கம் இருக்கும் வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரி நிரம்பினால்தான் பறவை வரும், பறவை வந்தால்தான் பள்ளிக்கூட வேன்கள் வரும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள். 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடமிருந்து அதற்கு எழுத்துபூர்வ உரிமையும் வாங்கினார்கள். மழை குறைந்தால் வேடந்தாங்கல் படுத்துவிடும், கூடினால் கடற்கரை படுத்துவிடும்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்கு இதே கவலை பனியால். ஓ.இ.சி.டி. அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் அங்குள்ள 666 பனிச்சறுக்குத் தலங்களைக் கணக்கெடுத்தார்கள். 609 தலங்களில் நம்பிக்கையான பனி இருந்தது. வெப்பம் 2 டிகிரி கூடினால் அது 404 ஆகக் குறையும் என்றது ஆய்வு. இதில் என்னை நிமிர வைத்தது வேறு விஷயம். சுவிட்சர்லாந்து வங்கிகள் அதற்கும் முன்பே, 1,500 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் தலங்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்க ஆரம்பித்துவிட்டன. விஞ்ஞானியின் வரைபடத்தைப் பார்த்து முதலில் நகர்ந்தது கடன் அதிகாரியின் பேனா!

பெரிய பணம் எப்படித் தயங்கும் என்பதைச் செய்யூரும் பார்த்திருக்கிறது. இங்கே 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாக இருந்தது. பனையூர் கரையில் நிலக்கரி இறக்கத் துறைமுகம் என்பது திட்டம். விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். ஆனால், டெண்டர் முடங்கிய காரணம் வேறு. நிலம் நிறுவனத்தின் பெயரில் இருக்காது, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஆலையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இப்படி ஒரு நிபந்தனையில் வங்கிகள் கடன் தராது என்று தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. களத்தில் எஞ்சியவை அரசு நிறுவனங்கள் மட்டுமே. 2015 ஜனவரியில் டெண்டரையே மத்திய அரசு ரத்து செய்தது.

பெரிய கம்பெனிக்கு ரிஸ்க் என்றால் விலகிப் போக வழி உண்டு. பஜ்ஜிக் கடைக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீஸனுக்கு முன் அடுப்பு, சிலிண்டர், தார்ப்பாய், சரக்கு வாங்கப் பணம் வேண்டும். பேப்பர் இல்லாமல் வீடு தேடி வரும் பணம் தண்டல்தான். 10,000 ரூபாய் என்று சொல்லி, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, 9,000 கையில் தருவது பரவலான வழக்கம். தினம் 100 ரூபாய், 100 நாள். கேட்கும்போது பத்து சதவீதம் மாதிரித் தெரியும். ஆனால் அசலும் தினம் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக உங்கள் கையில் நிற்பது 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி 80 சதவீதத்தை ஒட்டி வரும். நவம்பர் முதல் தேதி வாங்கினால் பிப்ரவரி இரண்டாம் வாரம்வரை கட்ட வேண்டும். நடுவில் புயல் எச்சரிக்கை, நான்கு நாள் கார் இல்லை, மீன் இல்லை. தண்டல்காரர் மட்டும் குடையோடு வந்துவிடுவார்.

முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். வட்டியும் தண்டல் பக்கமே வராது. ஆனால், மாதத் தவணை மார்கழிக்கும் ஒன்றுதான், ஆளே வராத ஜூலைக்கும் ஒன்றுதான். விவசாயிக்கு மட்டும் அறுவடை முடிந்து கட்டும் பயிர்க்கடன் இருக்கிறது. கடற்கரைக் கடைக்கும் வருஷத்தில் ஒரு அறுவடைதானே?

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் சிறுகடன் விதிகள், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கானவை. மொத்தத் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தவணை வாரமா, மாதமா, வேறு இடைவெளியா என்பதில் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப நெகிழ்வு தருவதற்கு, கடன் கொடுக்கும் நிறுவனம் கொள்கை வைத்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ரகப் பணமும் இந்தச் சாலையில் சுற்றுகிறது: மனை வாங்க வருபவர்கள். சாலை நான்கு வழியாக அகலமாவதால் கலர் கொடி கட்டிய லே-அவுட்டுகள் கண்ணில் படும். ஹிர்ஷ்லைஃபர், ஷம்வே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 26 பங்குச்சந்தைகளின் 1982 முதல் 1997 வரையிலான கணக்கை எடுத்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சந்தை இருக்கும் நகரத்தில் காலையில் வெயில் பளிச்சென்று அடித்தால், அன்று பங்கு விலை ஏறும் போக்கு தெரிந்ததாம். பங்கை ஸ்கிரீனில் பார்ப்பவருக்கே அப்படி என்றால், ஜனவரி காலையில் கடல் காற்றில் நின்று மனை பார்ப்பவரின் மனசு எப்படி இருக்கும்! என் கட்சி இதுதான்: ஈ.சி.ஆர். மனையை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள், மழை பெய்து ஓய்ந்த மறுநாள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று புரோக்கர் சொல்ல வேண்டியதில்லை. கடலோரம் என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருப்பதையும் விசாரித்துவிடுங்கள்.

சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு ஜனவரிதான் சரி. காலையில் வேடந்தாங்கல், மதியம் செய்யூர் கோயில் நடை சாத்துவதற்குள் ஒரு தரிசனம், மாலையில் ஆலம்பரை. 18-ம் நூற்றாண்டில் இங்கே துறைமுகமும் நாணயச் சாலையும் இருந்தன. நவாப் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். இப்போது செங்கல் சுவர்களும் நீர்ப்பரப்பும் மட்டும். கையில் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், கோட்டைக்குள் நிழல் குறைவு. மீன் வறுவலை மாலை வெளிச்சம் போவதற்குள் முடித்துவிடுங்கள். கடைக்காரரிடம் சில்லறையாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவார், அன்றைய நூறு ரூபாய் அதிலிருந்துதான் போக வேண்டியிருக்கலாம்.