கால் சவரன் பாரம்

கால் சவரன் என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். குழந்தைக்கு ஒரு மோதிரம் போடலாம், அவ்வளவுதான் என்பார்கள். ஒரு சவரன் 8 கிராம். கால் சவரன் 2 கிராம். இந்த அற்ப எடையைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். கழுத்துக்கும் காதுக்கும் அற்பமாயிருக்கிற இந்த 2 கிராம், இசைத்தட்டின்மேல் ஓடுகிற முள்ளுக்கு அற்பம் அல்ல. அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டதென்று உலகம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தீர்ப்புச் சொல்லிவிட்டது. காஸெட் வந்தபோது ஒரு தடவை. குறுந்தகடு வந்தபோது இன்னொரு தடவை. ஆனால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. துருப்பிடித்த இரும்புச் சாமான்களுக்கும் பழைய மின்விசிறிகளுக்கும் நடுவில் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து, பழைய தட்டுகளை வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 1985-ல் தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் எங்கள் தலைமுறை செய்த அதே காரியம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தட்டு வாங்குவது எளிது. புதுப் பெட்டியைப் பிரித்து, கையை நிறுத்தி, அதன் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, முள்ளை முறையாகத் தட்டின்மேல் இறக்குவது தனி வித்தை. இதில் ஒரு சங்கடம் உண்டு. தப்பாகப் பொருத்தினாலும் அது பாடும். பாடுகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவோம். தட்டு தேய்வது முதல் நாளே காதுக்குத் தெரிவதில்லை. தெரிகிறபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு புது டர்ன்டேபிள். பேரன் தன் சம்பளத்தில் வாங்கிவந்தது. அதன்மேல், எம்.எஸ். சுப்புலக்ஷ்மி பாடி 1963-ல் எச்.எம்.வி. கம்பெனியார் வெளியிட்ட வேங்கடேச சுப்ரபாதம்.

"சார், இது அவர் எழுபத்தொண்ணுல வாங்கினது. தினம் கார்த்தாலே போடுவார். இப்போ கேட்டா, என்னமோ கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு. தட்டு போயிடுத்தா, மிஷின் சரியில்லையா? கொஞ்சம் பாருங்கோ" என்றார்.

கேட்டேன். உண்மைதான். 'ச' என்ற எழுத்து வருமிடமெல்லாம் வாணலியில் கடுகு வெடித்தது. எதிர்ப் பாரத்தில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். 1 கிராம். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அதைச் செய்தவர்கள் விதித்திருப்பதோ 1.8 முதல் 2.2 வரை.

"கனமா வெச்சா தட்டு தேஞ்சுடும்னு நான்தான் குறைச்சு வெச்சேன், தாத்தா. பழைய பெட்டியில தாத்தா கைமேல நாலணாக் காசு ஒட்டி வெச்சிருப்பாராம். பாட்டி சொன்னா" என்றான் பையன்.

எனக்கு இரண்டு தலைமுறையின் கதையும் விளங்கிவிட்டது. பெரியவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. சாவி கொடுக்கும் கிராமபோன் காலத்தில் வளர்ந்தவர். அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்குமேல் தட்டை அழுத்தும். நாய் படம் போட்ட தகர டப்பாவிலிருந்து பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி எடுத்துப் போட வேண்டும். அந்தத் தட்டு அரக்கும் கற்பொடியும் கலந்து செய்தது, தாங்கிற்று. பின்னால் வந்த நெடுந்தட்டு மெல்லிய வினைல், வைர முள். முள் எகிறிக் குதித்தால் ஒரு காசை வைப்பது அந்நாளில் ஊரெல்லாம் வழக்கம். நாலணா 2.5 கிராமுக்குக் குறையாது. ஏற்கெனவே நாலைந்து கிராம் அழுத்துகிற கையில் அதையும் ஏற்றினால் தடத்தின் சுவர் என்ன ஆகும்?

பேரன் செய்தது அதற்கு நேர் எதிர், இரக்கத்தால் செய்தது. அதுவும் தப்புத்தான். முள் ஓடுகிற தடம் தலைமயிரைவிடக் குறுகிய பள்ளம். அதன் இரண்டு சுவர்களிலும் நெளிநெளியாகச் சங்கீதம் எழுதியிருக்கிறது. முள் இரண்டு சுவர்களையும் விடாமல் தொட்டுக்கொண்டு போக வேண்டும். போதிய பாரம் இல்லாவிட்டால், குரல் ஓங்குமிடத்தில் அது சுவரைவிட்டு விலகி எகிறும். எகிறியது மறுகணம் வந்து சுவரில் மோதும். வைரம் மோதினால் வினைல் என்ன செய்யும்? சரியான 2 கிராமில் நூறு தடவை ஓடினால் வராத சேதம், குறைந்த பாரத்தில் சில தடவை ஓடினால் வந்துவிடக் கூடும். கடுகு வெடித்தது இந்த மோதல்தான்.

வேலையில் இறங்கினேன். முதலில் பெட்டியை ஊஞ்சலிலிருந்து தள்ளி, சுவரோரம் வைத்து, ரசமட்டத்தால் மட்டம் பார்த்தேன். கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு மெல்லிய கம்பிகள்: வெள்ளையும் நீலமும் இடப்பக்க ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்க ஒலிக்கு. விரலால் இழுத்தால் அறுந்துபோகும். சாமணத்தால் நுனியைப் பிடித்துச் செருக வேண்டும். இரண்டு திருகாணிகளையும் முழுக்க முடுக்காமல் விட்டேன்.

பிறகு, எதிர்ப் பாரத்தைத் திருகித் திருகி, கை மேலே எழாமலும் கீழே விழாமலும் அந்தரத்தில் நிற்கும்படி செய்தேன். தட்டான் தராசின் முள் நடுவில் வந்து நிற்குமே, அந்த நிலை. அங்கே எண்ணைச் சுன்னத்தில் வைத்து, அதிலிருந்து 2-க்குத் திருப்ப வேண்டும். சிறிய மின்தராசை வைத்தும் சரிபார்த்தேன். கால் சவரன்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. மூலத்தட்டை வெட்டுகிற இயந்திரம் தட்டின் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டுக் கையோ, கீலில் திரும்பும் வாசற்கதவுபோல் வளைந்து போகிறது. வெட்டிய கோணமும் வாசிக்கிற கோணமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவது சாத்தியமே இல்லை. 1924-ல் இங்கிலாந்தில் பெர்ஸி வில்ஸன் என்பவர் இதைக் கணக்கிட ஆரம்பித்தார். 1938-ல் ஸ்வீடன் தேசத்து லோஃப்க்ரென், 1941-ல் பேர்வால்ட் ஆகியோர் கணக்கை முழுமையாக்கினார்கள். அவர்கள் கண்ட முடிவு இது: கையின் தலையைச் சற்று உட்புறம் வளைத்து, முள் மைய ஆணியைத் தாண்டிக் கொஞ்சம் நீளும்படி வைத்தால், தட்டில் இரண்டே இடங்களில் கோணம் அப்பழுக்கில்லாமல் பொருந்தும். மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரில் ஒன்று. ஏறக்குறைய 121 மில்லிமீட்டரில் இன்னொன்று. மற்ற இடங்களிலெல்லாம் பிழை உண்டு. ஆனால் காது பொறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய பிழை.

இந்த இரண்டு புள்ளிகளும் குறித்த அளவு அட்டையை வைத்து, முள்ளை ஒரு புள்ளியில் இறக்கி, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோட்டுக்கு இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே சரிப்படுத்தினால் அங்கே கெடும். அங்கே சரிப்படுத்தினால் இங்கே கெடும். மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இரண்டிலும் இசைந்து வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மாமி இரண்டு தடவை காப்பி கொடுத்தார். கடைசியில் திருகாணிகளை முடுக்கி, கை தட்டுக்கு இணையாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்து, ஓடும்போது கையை உள்பக்கம் இழுக்கிற விசைக்கு எதிராகச் சிறிது வெளிப்பக்க இழுப்பும் வைத்தேன்.

மாமி தட்டைத் துடைத்துக் கொடுத்தார். முள் இறங்கியது. கடுகு வெடிக்கவில்லை. அந்தக் குரல் கூடத்தின் நடுவில் வந்து நின்றது. பையன் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் முள் மையத்தை நெருங்க நெருங்க, குரலில் ஒரு கரகரப்புத் தலைகாட்டியது. தட்டின் வெளியோரத்தில் முள்ளின் கீழே வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. உள் வட்டத்திலோ 21 தான். அவ்வளவு சங்கீதத்தையும் அந்தக் குறுகிய நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான். நாலணாவின் வேலை பாதி, 1 கிராமின் வேலை பாதி. எந்த அளவு அட்டையும் அதைத் திருப்பித் தராது.

இதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியே முந்திக்கொண்டார்.

"முன்பாதி அப்படியே இருக்கு. கடைசியிலேதான் கொஞ்சம் தொண்டை கட்டினாப்போல இருக்கு. அவர் அந்த இடத்திலேதான் கூடவே பாடுவார். பரவாயில்லை, எனக்கு அது நினைவு இருக்கு" என்றார்.

ஒரு பக்கத்துத் தடத்தை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் இருக்கும். அந்த ஒற்றையடிப் பாதையை ஒரு வைரம் 22 நிமிஷத்தில் நடந்து கடக்கிறது. அதன் தலையில் நாம் சுமத்துகிற பாரம் நம்முடைய பயத்துக்கும் இரக்கத்துக்கும் ஏற்றதாக இருக்கக் கூடாது. பாதைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். புதிதாகத் தட்டு வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அடுத்த தட்டு வாங்குவதற்கு முன் ஒரு சின்னத் தராசும் ஓர் அளவு அட்டையும் வாங்குங்கள். ஒரு மாலைப்பொழுது செலவாகும். போனால் போகட்டும்.