மாமா கொண்டுவந்த டிகிரி

1984 மே மாதம். கத்திரி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அபுதாபியிலிருந்து லீவில் வந்த மாமா, கூடத்தில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு டார்ச் லைட், அம்மாயிக்குக் கோடாலித் தைலம், வீட்டுக்குப் பொதுவாக இரண்டு டேங் டப்பா. எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில், பனியனில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு சாண் நீளப் பலகை. அதில் ஒட்டகமும் பேரீச்ச மரமும் வரைந்திருந்தது. நடுவில் மெல்லிய கண்ணாடிக் குழாய், அதற்குள் சிவப்பாக ஒரு நூல்.

“என்ன மாமா இது?”

“டிகிரி பாக்குறது மாப்ள. வெயிலு எவ்வளவுன்னு சொல்லும்.”

அன்றிலிருந்து வீட்டில் அதற்கு டிகிரி என்றே பேர். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் வெப்பமானி என்று ஒன்று இருந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

மாமாவின் வேலையைப் பற்றிக் கறம்பக்குடியில் எங்கள் தெருவில் சொல்லி வைத்திருந்தது, கம்பெனியில் சூப்பர்வைசர் என்று. உண்மையில் அவருக்கு ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் விடும் வேலை. மாமாவுக்கு அதில் வெட்கம் ஏதுமில்லை. அம்மாயிக்குத்தான் ஆற்றாமை. “இங்க கொல்லையில மம்பட்டி புடிக்க மாட்டேன்னு பிளேன் ஏறிப் போயி, அங்க செடிக்குத் தண்ணி ஊத்துறானாம்” என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் புலம்புவாள். அப்படிப் புலம்புகிறவள் வாசலுக்கு வந்துவிட்டால் மகன் மறுபடி சூப்பர்வைசர் ஆகிவிடுவார்.

ராத்திரி கரண்டு போனதும் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்வோம். மாமாவின் கதைகள் அப்போதுதான் வரும். அங்கே மரம் தானாக வளராது, ஒவ்வொரு மரத்தடிக்கும் கறுப்புக் குழாய் ஒன்று போகும், சொட்டுச் சொட்டாக விடவேண்டும் என்பார். வெயில் காலத்தில் சில நாள் குழாய் அடைத்துக்கொண்டாலும் செடி கருகிவிடுமாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி விடுகிறார்கள் என்றார். அம்மாயி முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாட்டை ஆண்ட ஷேக் சாயித்துக்கு மரம் என்றால் உயிர் என்பதும், நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மணல்மேட்டில் காடு வளர்க்கச் சொன்னவர் அவர் என்பதும் எனக்கு மாமா சொல்லித் தெரிந்ததே.

அல் ஐன் என்ற ஊரைப் பற்றிச் சொல்லும்போது மாமாவின் குரலே மாறிவிடும். அங்கே பழைய காலத்துப் பேரீச்சந்தோப்பு இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து பூமிக்கடியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். பலாஜ் என்று அதற்குப் பேர். (2011இல் யுனெஸ்கோ அல் ஐனை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது எனக்கு நினைவு வந்தது மாமாவின் கயிற்றுக் கட்டில்தான்.) வெளியே மணலில் நின்றுவிட்டு அந்தத் தோப்புக்குள் நுழைந்தால், “நனைச்ச துண்ட முதுகுல போட்ட மாதிரி இருக்கும் மாப்ள” என்பார்.

இன்னொன்றும் சொன்னார். அது அப்போது எனக்கு நம்பிக்கையாக இல்லை. “வெட்டவெளி மணலு பகல்ல எரிக்கும், ராத்திரி ஆறிப்போயிரும். டவுனுக்குள்ள பாரு, பகல்ல மரமும் புல்லுமா இருக்குறதால கொஞ்சம் தாங்கலாம். ராத்திரிதான் ஆறாது. பன்னெண்டு மணிக்குச் சுவத்துல கைய வச்சா கொதிக்கும்.”

மறுநாள் உச்சி வேளையில் டிகிரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கூட அடுத்த வீட்டுப் பையன் ஒருவன். இருவர் காலிலும் செருப்பு கிடையாது. திண்ணையில் 36 காட்டியது. கோடை உழவு போட்ட கடலைக் கொல்லையின் செம்மண்ணில் வைத்தோம். நூல் விறுவிறுவென்று ஏறியது. அடுத்தது பட்டுக்கோட்டை போகும் தார்ச்சாலை.

அந்தச் சாலையைக் கடப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்கள், வயிற்றில் வெள்ளையடித்து நம்பர் போட்டிருக்கும். ஒரு மரத்து நிழலிலிருந்து அடுத்த மரத்து நிழலுக்கு ஒரே ஓட்டம். நிழலில் நின்று உள்ளங்காலைக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்வது, பிறகு அடுத்த ஓட்டம். 17க்கும் 19க்கும் நடுவில் ஒரு மரம் பட்டுப்போய் இல்லை. அந்த இடத்தில் மட்டும் தாரில் ஓடினால் கொப்புளம், ஓரத்தில் இறங்கினால் நெருஞ்சி முள். நாங்கள் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுப்போம். நான் எப்போதும் முள்ளைத்தான்.

பதினெட்டாம் மரம் இல்லாத அந்த இடத்தில், இளகிப் பளபளத்த தாரின் மேல் டிகிரியைப் படுக்க வைத்தேன். சிவப்பு நூல் கண்ணுக்கு முன்னால் ஊர்ந்து ஏறியது. பலகையில் 50 வரைக்கும்தான் கோடு. அதையும் தாண்டிப் போய், உச்சியில் முட்டி, மூன்று துண்டாக அறுந்தது.

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். மாமா சிரித்தார். பலகையின் ஓட்டையில் கயிற்றைக் கோத்து, கவண் சுற்றுவதுபோலத் தலைக்கு மேலே சுழற்றினார். இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டது. ஒரு சிறு துண்டு மேலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து அது எப்போதும் மூன்று டிகிரி குறைத்துத்தான் சொல்லும். நாமாக மூன்று கூட்டிக்கொள்ள வேண்டும். வெயிலில் வைத்த டிகிரி காற்றின் சூட்டைச் சொல்லாது, தன் உடம்பில் ஏறிய சூட்டைத்தான் சொல்லும் என்பதும், வானிலைக்காரர்கள் காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துத்தான் பார்ப்பார்கள் என்பதும் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்று நான் பார்த்தது பொய்யில்லை. என் உள்ளங்கால் அந்தத் தாரின் மேல்தானே ஓடியது, வெள்ளைப் பெட்டிக்குள் ஓடவில்லையே.

ஒட்டுப்போட்ட டிகிரியோடு அடுத்து ஐயனார் கோயில் காட்டுக்குப் போனோம். புதுக்கோட்டைச் சீமையில் இப்படிப்பட்ட கோயில் காடுகள் நிறைய. ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது, செருப்போடு நுழையக் கூடாது. எங்களுக்கு இரண்டாவது விதியால் நஷ்டமில்லை. வீரை, காசா, பாலை என்று மரங்கள் அதிக உயரமில்லாமல் தோளோடு தோள் உரசி நிற்கும். மேலே கொடிகள் பின்னிக் கிடக்கும். நுழைந்ததும் முதலில் கண் இருட்டும், அப்புறம் கால் அடியில் சருகு மெத்தென்று அமுங்கும். மண்குதிரைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் சருகை விலக்கி மண்ணைத் தொட்டால் ஈரமில்லை, ஆனாலும் குளிர்ந்திருந்தது. ஒரு குதிரையின் கழுத்தில் டிகிரியை மாட்டிவிட்டு உட்கார்ந்தோம். மூன்று கூட்டியும் 34. திண்ணையைவிடக் குறைவு. மத்தியானம் ஒரு மணிக்கு, கத்திரி வெயிலில்.

திரும்பும்போது தைலங்காடு வழியாக வந்தோம். அங்கேயும் மரம்தான், வரிசை பிசகாமல், கோயில் காட்டைவிட உயரமாக. ஆனால் நிழல் சல்லடை போட்ட மாதிரி இருந்தது. தைல மரத்து இலை வெயிலுக்கு முகத்தைக் காட்டாது, விளிம்பைக் காட்டித் தொங்கும். அதனால் வெளிச்சம் நேரே தரைக்கு இறங்கிவிடும். அடியில் புல் பூண்டு இல்லை, எண்ணெய் மணக்கும் மொடமொடத்த சருகு மட்டும். மூன்று கூட்டினால் 40. “மரமிருந்தும் ஏண்டா இங்க வேகுது?” என்று கேட்டான் கூட வந்தவன். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மாயியிடம் கேட்டேன். அவள் முற்றத்து மண்பானையைக் காட்டினாள். “பானை வேர்க்குதுல்ல? வேர்த்தாத்தான் தண்ணி குளுரும். புதுப் பானை நல்லா வேர்க்கும், எண்ணெப் பிசுக்கு ஏறுன பானை வேர்க்காது. மரமும் அதான்.” பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காதவள். இலைத்துளை வழியாக நீராவி போவதையும், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் சூட்டில் எட்டு லிட்டர் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம் என்பதையும் நான் பின்னாளில் படித்தபோது, புதிதாக எதையும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. கட்டாந்தரையும் தாரும் வெயிலை வாங்கிச் சூடாக மட்டுமே வைத்துக்கொள்ளும், இலையும் ஈரமண்ணும் அதில் பெரும்பங்கைத் தண்ணீரை ஆவியாக்கவே செலவழித்துவிடும். தைலங்காடு வேர்க்காமலும் இல்லை, நிலத்தடித் தண்ணீரை வேண்டிய மட்டும் உறிஞ்சி வேர்த்தது. கோடையில் மண் வறண்டதும் வேர்வையும் வற்றிவிட்டது, நிழலும் சல்லடை. பக்கத்துக் கிணறுகள் இறங்கிப்போயின என்று ஊரே பேசியது. அக்னி ஆறு என்று எங்கள் பக்கம் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பேரை வைத்தவர் கோடையில் அதன் மணலில் நடந்திருப்பார்.

மாமா பானைக் கதையைக் கேட்டுத் தலையாட்டினார். அவர் கணக்கு இன்னும் நுட்பமாக இருந்தது. அல் ஐன் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, காற்று காய்ந்தது, பானை நன்றாக வேர்க்கும். அபுதாபி கடலோரம், ஆகஸ்டில் காற்றே சொதசொதவென்று இருக்கும், பானையும் வேர்க்காது மனுசனும் ஆறமாட்டான், அங்கே நிழல் மட்டும்தான் கைகொடுக்கும்.

அவர் அங்கே அதிகம் பார்த்துக்கொண்டது காப் என்ற மரத்தை. லீவு முடிவதற்குள் ஒருநாள் சிவன் கோயிலுக்குப் போனபோது வன்னி மரத்தடியில் திடுக்கென்று நின்றுவிட்டார். இலையைக் கிள்ளினார், முள்ளைத் தொட்டுப் பார்த்தார். “இதுதான்டா அது! நாலு வருசமா ஊரான் மரம்னு நெனச்சுத் தண்ணி ஊத்தியிருக்கேன்.” இரண்டும் ஒன்றேதான். அமீரகத்துக்கு அது தேசிய மரம், ராஜஸ்தானில் கேஜ்ரி என்ற பேரில் மாநில மரம். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் அமிர்தா தேவி உட்பட பிஷ்னோய் மக்கள் 363 பேர் அதைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார்கள். ஆழ வேர் விட்டு, பிடித்துக்கொண்ட பிறகு நம்மிடம் தண்ணீர் கேட்காத மரம். அதன் பங்காளியான சீமைக் கருவேலை இங்கேயும் பரப்பினார்கள், அங்கேயும் பரப்பினார்கள். இரண்டு ஊரிலும் இன்று அதை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலைக்குப் போன பிறகு பாலைவன நகரங்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. மாமா கட்டிலில் கிடந்து சொன்னதையே ஆய்வாளர்கள் பல ஊர்களில் அளந்திருந்தார்கள்: தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பாலைவன நகரம் பகலில் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் குளிர்ந்தும், இரவில் கட்டடமும் தாரும் சேர்த்து வைத்த சூட்டால் கூடுதலாகக் கொதித்தும் கிடக்கும். அமெரிக்காவின் பீனிக்ஸில் 2023 கோடையில் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் அடித்தது. அந்த ஊரில் பணக்காரத் தெருவில் மரமிருக்கும், ஏழைகள் தெருவில் இருக்காது, தெருவுக்குத் தெரு சூடும் அப்படியே மாறும். பக்கத்து மாநிலமான நெவாடாவில் 2021இல் சட்டமே போட்டார்கள், யாரும் கால் வைக்காத அழகுப் புல்தரைக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக்கூடாது என்று. புல் குளிர்விக்கும், ஆனால் குடித்துத் தீர்த்துவிடும். பாலைவனத்தில் எதை வளர்ப்பது என்பதற்கு முன்னால் அது எவ்வளவு குடிக்கும் என்று கேட்டாக வேண்டும். செம்மண் பூமியில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே தைலத்தை நட்டோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தென்னந்தோப்புகள் சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பலா, முந்திரி, எங்கள் வாசல் வேம்பு எல்லாம் போயிருந்தது. ஐயனார் கோயில் காட்டில் கிளைகள் மட்டும்தான் முறிந்திருந்தன, மரங்கள் நின்றன. புளியமரங்கள் அதற்கு முன்பே சாலையை அகலப்படுத்தப் போய்விட்டிருந்தன, நம்பரோடு.

அடுத்த மே மாதம் அத்தை போன் பண்ணினாள். “தென்ன போனதுகூடத் தேவல தம்பி. ராத்திரி தூங்க முடியல. சுவத்துல கைய வச்சாக் கொதிக்குது.” எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவளுக்குத் தெரியாமலே அவள் புருஷன் 1984இல் சொன்ன அதே வாக்கியம்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். டிகிரி இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது, ஒட்டகம் மங்கி, பேரீச்சை மட்டும் பச்சையாக. 35 என்றது. மூன்று கூட்டிக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் சத்தம். மாமா எழுந்துவிட்டிருந்தார். வேம்பு நின்ற குழியில் ஒரு புங்கங்கன்று, தள்ளி ஒரு வன்னி. கோயில் மரத்தை வீட்டு வாசலில் வைக்கலாமா என்று அத்தை நாலு நாள் சண்டை போட்டிருக்கிறாள். மாமா மோட்டார்த் தொட்டியிலிருந்து கறுப்புக் குழாயை இழுத்து, வன்னியின் வேருக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, குழாயைக் கொஞ்சமாகத் திறந்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். வாஹித், இத்னேன், தலாதா, அர்பா... நாற்பது வருஷத்துக்கு முன்னால் எந்த எண்ணில் மூடச் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்த எண் வந்ததும் கையை நீட்டிக் குழாயை மூடினார்.